புள்ளி

"இங்கேயிருந்து அங்கே போயா
யோகா படிக்கப் போறீங்க?"
விசா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன்
சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டான்.
கொல்லன் தெருக்காரி
ஊசி வாங்கக் கப்பல் ஏறுகிறாள்
என்று நினைத்திருப்பான்.

ஊசி எனக்கும் தெரியும் தம்பி.
காரைக்குடியில் பத்தொன்பது வருஷமாக
ரத்தம் எடுக்கிறேன்.
வலது தோளில் ஐஸ்பெட்டி,
வீடு வீடாக,
சர்க்கரைக்காரர்கள் காபி குடிப்பதற்குள்.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்கு
இருபத்து மூன்று புள்ளி.
வரி, வெள்ளையடிப்பு, வாட்ச்மேன் சம்பளம்,
ஒழுகும் மூன்றாம் கட்டு,
எல்லாம் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள்.
கல்யாணமானவன், மனைவியோடு சேர்ந்து, ஒரு புள்ளி.
கூட்டித் துடைத்து விளக்கேற்றிக்
குடியிருக்கும் நான்
புள்ளி இல்லை.
"உனக்குக் கட்டவேண்டிய பணமும் இல்லையே"
என்பான் சித்தப்பா மகன் சாத்தப்பன்.
நியாயம்தான்.

கர்ப்பப்பை எடுத்த வருஷம்
வளவில் பாய் விரித்துப் பழகினேன்.
தூணில் சாய்த்த செல்போன்
நான் கோணலாக நின்றாலும்
'அருமை' என்றது.
உள்ளூர் வகுப்புக்கும் போனேன்.
எந்தக் கோயில், எந்த ஊர், யார் வீடு,
அப்புறம் ஏன் இப்படியே இருந்துட்டே?
கால் கட்டைவிரலைத் தொடுவதற்குள்
ஏழு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு ஜோடி வளையல்,
சேமிப்பு,
இருபத்தெட்டு நாள் விடுப்பு.

போர்ச்சுகல் கடலோரம்
ஒரு பழைய மத்திமீன் ஆலை.
அங்கே டப்பா அடைத்து அடைத்து இடுப்பு போனவள்
இல்தா.
போன இடுப்பைத் திரும்ப வாங்கத்தான்
யோகா படித்தாளாம்.
என்னைவிட ஒன்பது வயது சின்னவள்.
மழை பெய்தால் சுவரிலிருந்து
மத்தி வாடை கிளம்பும்.
எல்லாரும் கண்மூடித் தியானத்தில்.
எனக்குப் பசித்தது.

அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்:
எங்கே வலிக்கிறது?
மூன்றாம் நாள் பின்னால் வந்து
வலது தோளில் இரண்டு விரல் வைத்தாள்.
அழுத்தவில்லை.
"இது யாருக்காகக் காத்திருக்கிறது?" என்றாள்
அவளுடைய ஓட்டை ஆங்கிலத்தில்,
என்னுடைய ஓட்டை ஆங்கிலத்துக்கு.
காதுக்குப் பக்கத்தில்
ஏறி நின்றிருந்தது தோள்,
ஐஸ்பெட்டி இல்லாமலே.

எத்தனை ஆயிரம் கையில்
நரம்பு தேடித் தடவியிருக்கிறேன்.
என்னை
வேண்டாம், அந்தக் கணக்கு.

பிறகு மரம்போல் நிற்கச் சொன்னாள்,
ஒற்றைக் காலில்.
ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்,
கண்ணை எடுக்காதே.
அவள் சொன்ன வார்த்தை வேறு.
என் காதில் புள்ளி என்றே விழுந்தது.
சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று.
அதைப் பார்த்தேன்.
ஆடவில்லை என்றால் பொய்.
ஆடினேன்,
விழவில்லை.

எங்கள் ஆட்கள் கடல் தாண்டினால்
வட்டியோடு திரும்ப வேண்டும்.
"என்ன கொண்டாந்தே?" என்றான் சாத்தப்பன்.
"மூச்சு விடக் கத்துக்கிட்டேன்."
"இத்தனை நாள் என்னத்த விட்டே?"
வாட்ச்மேன் சம்பள நோட்டை எடுத்துக்கொண்டு
சிரித்தபடியே போனான்.
நானும்தான் சிரித்தேன்.

இன்றும் மணி ஐந்து.
வளவில் ஒற்றைக் கால்.
எதிரே வரிசையாகப் பூட்டிய அறைகள்,
அவரவர் பூட்டு, அவரவர் துரு.
முதல் வாரம்
எதைப் பார்ப்பது என்று தெரியாமல்
தடுமாறினேன்.
இப்போது முற்றத்தில்
மழைத்தண்ணீர் இறங்கிப் போகும் துளை.
அது எந்தப் பங்கிலும் வராது.

தோள் இறங்குகிறது
நெல்லளவு,
இன்னும் ஒரு நெல்லளவு.

வாசலில் ஹாரன்.
லேப் வண்டி.
தோள் ஏறிவிட்டது.

ஏறும்போதே
பார்த்துவிட்டேன்.