தையல் நாடா

ஆவணி முடிய இன்னும் பன்னிரண்டு நாள்.
அலைகரைப் புல் மிதித்தால்
கடதாசிச் சத்தம் போடுகிறது.
வன இலாகாக் கல்லுக்கு அந்தப் பக்கம்தான்
கொஞ்சம் பச்சை கிடக்கிறது.
கல்லில் எழுதியிருப்பது மாட்டுக்கு விளங்காது,
எனக்கு விளங்கும்.

துணுக்காய்ச் சங்கத்தில் யூரியாக் கட்டி வாங்கினேன்,
பத்துக் கிலோ, பாகு மணம்.
"தண்ணி படவிடாதேங்கோ அக்கா, கரைஞ்சால் நஞ்சு"
என்று சொல்லித்தான் தந்தான் பொடியன்.
இரண்டு நாள் நாம்பன்கள் மணந்து பார்த்துத்
தும்மிவிட்டுப் போயின.
மூன்றாம் நாள் இரவு
பட்டி முழுக்க நாக்குச் சத்தம்.
இப்போது கட்டியில் ஒரு குழி,
உள்ளங்கை வைத்தால் பொருந்தும்.

சீமைக்கிளுவைக் குழை ஒரு கட்டு, தவிடு இரண்டு சுண்டு:
கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தீன் கணக்கு.
முன் பக்கங்களில் பள்ளிக்கூடச் சட்டை அளவுகள்.

ஜவாஹிர் நானா கண்ணால் நிறுப்பவர்.
"இருநூறு வரும், பிள்ளை" என்றார்.
நான் தையல் நாடாவை எடுத்துச்
செவலையின் முன்னங்காலுக்குப் பின்னால் சுற்றினேன்.
அசையாமல் நின்றது,
தீபாவளிக்கு அளவு கொடுக்கிறமாதிரி.
ஐம்பத்தாறு அங்குலம். போன மாதம் ஐம்பத்தைந்து.
அவர் ஒன்றும் பேசவில்லை,
மடித்த காசை விரித்து
இன்னும் கொஞ்சம் சேர்த்தார்.

பின்னேரம் சுபாங்கி மகளைக் கூட்டி வந்தாள்.
தோளில் நாடாவை வைத்தேன்.
"அன்ரி, இதில மாடு மணக்குது."
ஓம் பிள்ளை என்று
கொப்பியைப் பின்பக்கமாய்த் திறந்து,
செவலைக்குக் கீழே,
பதின்மூன்றரை என்று எழுதினேன்.