பதினோராம் பெட்டி

ஷிஃப்ட் முடிந்து நாலரைக்கு
போச்சம்பள்ளி ரோட்டில், சந்தூர் பிரிவுக்கு இந்தப் பக்கம்,
எவரோ தவறவிட்ட வெள்ளைத் துண்டு
என்றுதான் நினைத்தேன்.
காற்றே இல்லை. துண்டின் ஓரம் மட்டும் அசைந்தது.

"நிக்காதக்கா, சாக்குருவி" என்றாள்
பின்னாலிருந்த முனிரத்னா.
செத்த பிறகு
அது யாருடைய சாவைச் சொல்லும்?
ஸ்டாண்ட் போட்டேன்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
செல்போன் வெளிச்சத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து
நூறு வரை எண்ணினேன்.
எழுபதில் இறகெல்லாம் சிலிர்த்து எழுந்தது
அடங்கியது.
அது கடந்துபோன லாரியின் மூச்சு.

கூகை.
கொட்டை எடுத்த மாம்பழப் பாதி போல முகம்.
இரவெல்லாம் பெல்ட்டில் பார்த்த வடிவம்,
இங்கேயும் வந்து கிடக்கிறது.

ஆம்னி ஒன்று பின்னால் வந்து நின்றது.
"நகம் மட்டும் குடும்மா. ஐந்நூறு."
எட்டு நகத்தை வைத்து
யார் வீட்டில் எதைக் கீறப் போகிறானோ.
இவ்வளவு நேரம் இறங்காதிருந்த முனிரத்னா இறங்கினாள்:
"உன் வண்டி நம்பரைப் போட்டோ எடுத்தாச்சு."
எடுக்கவில்லை. போன் என் கையில் இருந்தது.
ஆம்னி போய்விட்டது.

வனத்துறைக்கு மூன்றாம் தடவை மணி அடித்தபோது
ஒரு தூக்கக் குரல்:
இறகு ஒன்றுகூட எடுக்காதீங்க.
வெறுங்கையால தொடாதீங்க.
ரோட்டை விட்டுத் தள்ளி வையுங்க, இல்லேன்னா
அதைத் தின்ன வர்ற நாயும் அடிபடும்.
விடியட்டும், ஆள் வரும்.

ஆலையின் நீலக் கையுறை பையில் இருந்தது.
தூக்கினேன்.
ஊரே பயந்த பறவை
ஒரு கிளிமூக்குப் பழத்தின் எடைதான்.

எலும்பு எதுவும் நொறுங்கவில்லை.
சிறகு விரித்தால் விரிகிறது, விட்டால் மடிகிறது.
டயர் பட்ட தடமே இல்லை.
அலகின் ஓரத்தில் மட்டும்
உறையாத ஒரு சொட்டு ரத்தம்.

எங்கள் ஆலைச் சுவரோரம்
இருபத்திரண்டு கறுப்புப் பெட்டிகள்.
திங்களும் வியாழனும் திறந்து பார்த்துக்
கையெழுத்துப் போடுகிறவள் நான்.
தோப்பைப் பார்த்த பதினோராம் பெட்டியில்
போன வாரம் மருந்து வில்லை முழுதும் காலி.
"திருப்தி" என்று எழுதினேன்.
தின்ற எலி எங்கே போகும் என்று
அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

புளியமரத்தடியில்
தலைக்கு மாட்டும் வலைத்தொப்பிக்குள் அதை வைத்து
இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.
முனிரத்னா ஒரு முறை தொட்டுப் பார்க்கக் கேட்டாள்.
கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன்.
"பஞ்சாட்டம் இருக்குதுக்கா" என்றாள்,
ஏதோ ஏமாந்துபோனவள் போல.

ஆறேகாலுக்கு வாட்சர் வந்தார்.
குனிந்து பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்,
நோட்டை முழங்காலில் வைத்து
"லாரி" என்று எழுதப் போனார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன்.