ஒருநாள் சேவை

பெருவிரல் மூன்றுதரம் பிழைத்தது.
"என்ன வேலை?" என்றாள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவள், சிங்களத்தில்.
டெல்சியா கையைத் திருப்பிக் காட்டினாள்.
கொலர் தைத்த ஊசி நகத்தால் இறங்கி
ரேகைக்குள்ளால் வெளியே வந்த இடம்.
நான்காம் தரம் யந்திரம் அவளை நம்பியது.
நாலரைக்கு வரட்டாம்.

விடியப்புறம் மூன்று மணியிலிருந்து
வரிசையில் நின்ற எங்களுக்கு
ஒன்பதே காலுக்கு, பத்தரமுல்லையில்,
யாரோ விழுத்திவிட்டுப்போன பணப்பை மாதிரி
ஒரு முழுப்பகல் கிடைத்தது.

கிளிநொச்சியில் பகலென்றால் எழுநூறு கொலர்.
மூத்திரத்துக்கும் அட்டை காட்டவேணும்.
171ஆம் இலக்க பஸ்ஸில்
ஜன்னல்பக்க இருக்கை அவளுக்கு.
போகிறவள் பார்க்கட்டும்.

புறக்கோட்டையில் சிவப்புப் பள்ளிவாசல்.
வெள்ளைக்கோடு, சிவப்புக்கோடு,
மேலே மாதுளங்காய் மாதிரிக் கும்பங்கள்.
எல்லாரும் படமெடுத்தார்கள். இவள் தையல் பார்த்தாள்.
"தோள்மூட்டில கூடக் கோடு விலகேல்ல, பாத்தியா?
இதுக்கு ஆர் கட்டிங் மாஸ்டர்?"
தொப்பி விற்ற பொடியன்
தன் வாப்பாதான் என்றான், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பழைய சோனகத் தெருவில் பலகை மூன்று மொழியில்.
கடைசி வரியில் 'மூர்' என்றிருந்ததை
நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்:
"மொறோக்கோ வந்திட்டுதடி. இறங்கு."
அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.
தஞ்சியரிலும் கடல் உண்டு, சந்தை உண்டு,
பாங்கு சொல்வார்கள், மீன் மலிவு
என்றுதான் ஏஜென்சிக்காரன் சொன்னவன்.
தையல் லைனுக்கு மேற்பார்வை. ஈராண்டு.
பலகையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்,
தெருவைக் கேட்டுவிடலாமோ என்பதுபோல.

கொச்சிக்கடையில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
ரசீது, சீப்பு, அரைவாசிப் பாண்.
அந்த ஞாயிற்றுக்குப் பிறகு
எல்லாப் பையையும் திறக்கிறார்கள்.
நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.
அந்தோனியாரின் கண்ணாடியில் விரலை வைத்தாள்,
யந்திரம் வாசிக்காத அதே விரலை.

பசி கொம்பனித்தெருவில் தாங்கமுடியாமல் போயிற்று.
பிட்டும் பாபத்தும்.
மாட்டுக்குடல் என்று அவளுக்குச் சொல்லாமலே விட்டேன்.
சம்பல் கேட்டாள், இன்னும் குழம்பு கேட்டாள்,
கோப்பையை விரலால் வழித்தாள்.
பிறகு சொன்னேன். "தெரியும்," என்றாள்.
"நீ சொல்லுறியோ எண்டுதான் பாத்தன்."

தாமரைக் கோபுரத்துக்கு ஏறவில்லை.
நுழைவுச்சீட்டின் விலையைக் கேட்டுவிட்டு
கீழே நின்று பார்த்ததில்
கழுத்துப் பிடித்ததுதான் மிச்சம்.
பேரவாவியில் ஒரு கூழைக்கடா
எங்களைவிடக் கூடச் சாப்பிட்டிருந்தது.

காலிமுகத்திடலில் இறால் வடை.
மீசையோடு, கண்ணோடு,
வடைக்குமேல் படுத்திருந்த இறால்கள்.
வெயிலில் புல்லும் மணலும் ஒரே நிறம்.
பட்டம் விற்பவனுக்கு இன்னும் காற்று வரவில்லை.
மண்போட்டுக் கடலை நிரப்பிய பக்கம்
புதுக் கட்டடங்கள் கண்ணைக் குத்தின.
டெல்சியா மற்றப்பக்கம் பார்த்தாள்.
"மேற்கு இதுதானே?"
"ஓம்."
"நேர போனா வருமோ?"
ஆபிரிக்காவைச் சுற்றவேணும் என்று நினைக்கிறேன்,
சரியாகத் தெரியாது, ஆனாலும் வரும் என்றேன்.
வடையின் மூலையைக் கடலுக்கு எறிந்தாள்.
காகம் இடையிலேயே பிடித்துக்கொண்டது.

மூன்றே முக்காலுக்கு ஓட்டோ பிடித்து
ராஜகிரியவில் நெரிசலில் இறுகி,
அவள் செபமாலை உருட்ட, நான் மீற்றரைப் பார்க்க,
போய்ச்சேர நாலு நாற்பது.
பெயர் கூப்பிட்டு முடியவில்லை, நல்லகாலம்.

புதுப் புத்தகம், பசை மணம்.
படத்தில் சிரிக்காத ஒருத்தி.
"இவள் காலமைச் சாப்பிடாதவள்," என்று
பக்கங்களைப் புரட்டினாள். எல்லாம் வெறுமை.
மூன்றாம் வெற்றுத்தாளில்
வடையெண்ணெயில் தெளிவாக விழுந்தது பெருவிரல்,
தழும்பும் ரேகையும், ஒன்றும் குறையாமல்.

துடைக்கத் துடைக்கப் பரவியது.
"விமானநிலையத்தில கேட்டா?"
"கொழும்பு எண்டு சொல்லு."

கோட்டை பஸ் நிலையத்தில்
கழிப்பறைக்காரன் மிச்சக்காசு தரவில்லை.
அவனோடு சண்டைபிடித்ததில்
வவுனியா பஸ்ஸில் கடைசி இருக்கைதான்.
மதவாச்சிவரை குலுங்கினோம்.
அவளுக்கு நித்திரை.
சட்டைக் கொலரில்
ஒரு இறால்மீசை குத்திநின்றது, நான் எடுக்கவில்லை.