பதினான்கு புள்ளி நான்கு

சவரிராயன் பேட்டரியை என் மேசைமேல் வைத்தார்.
"தொட்டுப் பார்."
பக்கங்கள் புடைத்திருந்தன,
நீர் கோத்த கால்போல.
"ராத்திரி ஏத்திவிட்டுத் தூங்கிட்டேன்.
விடிஞ்சதும் அழுகின முட்டை நாத்தம்.
மூக்குதான் எழுப்பிச்சு."

பன்னிரண்டு வோல்ட், ஏழு ஆம்பியர் மணி.
பிரிக்ஃபீல்ட்ஸ் மோனோரயில் படிக்கட்டோரம்
அவருடைய மெலோடிகாவைத் தெரு முழுக்கச் சேர்க்கும்
ஒலிபெருக்கியின் சோறு இது.
வாங்கிக்கொள்ளத் தெரியும் அதற்கு;
போதும் என்று இலைமேல்
குறுக்கே கை நீட்டத் தெரியாது.

அன்றிரவு
பழைய மின்கட்டண ரசீதின் முதுகில் கோடு போட்டேன்.
ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டையோடு,
தொந்தி விழுந்த கப்பாசிட்டர்.
எழுநூறு மில்லிக்குமேல் யாரையும் விடாத
மூன்றுகால் காவல்காரன் ஒருவன்.
கரண்ட் போனால் பேட்டரி பின்வழியே வடியாதிருக்க
இன்னொரு டையோடு.
பிறகு கம்பேரட்டர்:
ஒரு காலில் ஸீனர், அசையாத ஐந்து புள்ளி ஒன்று.
மறுகாலில் பேட்டரி, பங்கு பிரித்துக் குறைத்தது.
ட்ரிம்பாட்டைத் திருகத் திருக
மீட்டரின் கடைசி இலக்கம் நடுங்கிற்று.
பதினான்கு புள்ளி நான்கு.
இங்கே துண்டிக்க வேண்டும்.

துண்டிக்க மோஸ்ஃபெட் போட்டேன்.
தேய்மானம் இல்லை, சத்தம் இல்லை.
ஏறும்போது சிவப்பு, நிறைந்தால் பச்சை.
எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

தே தாரிக்கை ஊதியபடி
அவர் முழுவதையும் கேட்டார்.
"பச்சை விளக்கு," என்றார்.
"யாருக்கு?"

தலைக்குமேல் ரயில் ஒன்று
கடந்து முடிகிறவரை
நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் ஜாலான் பாசார்.
லியூ கிம் சுவான் தட்டில் ரிலேக்களைக் கொட்டினார்.
எதில் சத்தம் அதிகம் என்று கேட்டேன்.
இத்தனை வருஷ வியாபாரத்தில்
இது புதுசு என்றது அவர் முகம்.
ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு வோல்ட் கொடுத்துக்
காதருகே பிடித்தேன்.
ஒன்று கிசுகிசுத்தது.
ஒன்று தொண்டையைக் கனைத்தது.
ஒன்று மட்டும்
பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கு:
டக்.
இரண்டு ரிங்கிட் நாற்பது சென்.

பொருத்தினேன்.
ரிலே விடும்போது உதைக்கும்;
உதையை வாங்கிக்கொள்ள அதற்கும் ஒரு டையோடு.
பதினான்கு நான்கில் டக்.
உடனே டக். டக்டக்டக்டக்டக்.
நிறுத்தினால் மின்னழுத்தம் சற்றே இறங்குகிறது,
இறங்கினால் மறுபடி பசிக்கிறது.
போதும் வேண்டும் போதும் வேண்டும் என
ஒரு நொடிக்குள் இருபது மனசு.
தெரிந்த வியாதிதான்.
சிகரெட்டை விட்ட முதல் வாரம்
நானும் இப்படித்தான் அடித்துக்கொண்டேன்.

வெளிவாசலிலிருந்து உள்வாசலுக்கு
ஒரு ரெசிஸ்டரைத் திருப்பிக் கட்டினேன்.
நிறுத்துவது பதினான்கு நான்கில்.
தொடங்குவது, பதின்மூன்றை ஒட்டி இறங்கிய பிறகுதான்.
இடையில் இருக்கும் தூரம் முழுக்க
கடைசியாகச் சொன்ன சொல்லை
அது காப்பாற்றும்.

விளக்குகளைக் கழற்றிவிட்டுக் கொடுத்தேன்.
மூடியில் பச்சைக்காக இட்ட ஓட்டையை
அவர் விரல் கண்டுபிடித்தது.
"இது?"
"காத்துக்கு," என்றேன்.

திங்கட்கிழமை போன்.
"ரெண்டு பத்துக்கு டக்.
அப்புறம்தான் தூங்கினேன்."
கொஞ்சம் பேசாமல் இருந்தார்.
"அஞ்சு மணிக்கு இன்னொண்ணு. அது எதுக்கு?"
"திரும்பப் பசிச்சிருக்கும்."
"சரிதான்," என்றார்.
"நானும் அப்பதான் இருட்டுல
பிஸ்கட் டப்பாவத் தேடிக்கிட்டு இருந்தேன்.
இருட்டுன்னு நீங்க சொல்றீங்களே, அதுல."