ஜெராக்ஸ் அறைக்கு அடுத்த அறை

சஸ்பென்ஷனா, கவுன்சிலிங்கா என்றார்கள்.
வீட்டுக்கு லெட்டர் போகாதது எதுவோ அது, என்றேன்.

தக்கலைக்குப் பக்கத்துக் கல்லூரி.
மெக்கானிக்கல் பிளாக்கில் மாடிப்படிக்குக் கீழே அறை.
சுவருக்கு அந்தப்பக்கம் யாருடைய ரெக்கார்டோ
ஓயாமல் நகலாகிக்கொண்டிருந்தது.

உபதேசத்துக்குக் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
விஜிலா மிஸ் கேட்டது ஒரு கணக்கு.
"உன் கிளாஸில் அறுபத்திரண்டு பேர்.
போன மாதம் எத்தனை பேர் குடித்திருப்பார்கள்?"
ஐம்பது, என்றேன். குறைத்துத்தான் சொன்னேன்.
பெயரில்லாமல் எல்லாரும் எழுதிப்போட்ட சீட்டுகள்
ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன.
எண்ணச் சொன்னார்.
இரண்டு தடவை எண்ணினேன்.
பதினேழு.
அதில் ஒன்று என்னுடையது.

அப்படியானால் வெள்ளிக்கிழமைகளில்
"லேய் பெர்ஜின், வாறியாலே" என்று கதவைத் தட்டுவது
கல்லூரி அல்ல.
நாலு பேர்.

பிறகு ஒரு அட்டை.
நாள், அளவு, யாரோடு, அதற்கு முன்னே என்ன.
முதல் வாரம் பொய் எழுதினேன்.
பொய்யை நினைவு வைப்பது பெரும்பாடாகி
அடுத்த வாரத்திலிருந்து உள்ளதை.
கடைசிக் கட்டத்தில் மூன்று வெள்ளியும் ஒரே வரி,
என் கையெழுத்தில், எனக்கே தெரியாமல்:
வீட்டுக்குப் போன் பேசினேன்.

ஆசை வந்தால் மல்லுக்கு நிற்காதே, என்றார் மிஸ்.
அலை மாதிரி ஏறும், பார்த்துக்கொண்டே இரு, இறங்கிவிடும்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கடியப்பட்டணத்துக்காரனிடம் அலையைப் பற்றி!
"ஒரு அலை இல்ல மிஸ். அடுத்தடுத்து வரும்,
மூணோ அஞ்சோ. பொறவு ஒரு ஓய்ச்சல்.
அதுலதான் வள்ளத்தத் தள்ளணும்.
அவசரப்பட்டா கவுந்திரும்."
மிஸ் பேனாவை மூடினார்.
"எண்ணுவீங்களா?"
அப்பா எண்ணுவார், என்றேன்.
அப்பா எண்ணாமல் விட்டதும் ஒன்று உண்டு.
அதைச் சொல்லவில்லை.

இந்த வெள்ளி போன் அங்கிருந்தே வந்தது.
குரல் நேராக இல்லை.
வெளியே மழை, வேளிமலையைக் காணோம்.
முதல் அலையில் சட்டை மாட்டினேன்.
இரண்டாவதில் செருப்பு.
மூன்றாவதில் படிக்கட்டு வரை வந்து
கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன்.
மெஸ்ஸில் சப்பாத்தி தீயும் வாசனை.
நாலு.
ஐந்து.
ஆறாவதும் வந்தது, கணக்கில் இல்லாதது.
அதில் போய்விட்டேன்.

திங்கட்கிழமை அட்டையை நீட்டினேன்.
வெள்ளி. வழக்கத்தில் பாதி. நாலு பேரோடு.
அதற்கு முன்னே என்ன:
ஐந்து வரை எண்ணினேன்.