ஒரு குத்து, ஓரடி

மிதேக் பனிமேல் போகும்போது
கையில் இரும்புக் கம்பி எடுத்துப்போவான்.
ஓரடி வைக்குமுன் ஒரு குத்து.
'டங்' என்றால் நடப்பான்.
'சொத்' என்றால் நாய்களைத் திருப்புவான்.
நேற்றுத் தாங்கிய இடந்தானே என்பேன்.
நேற்று நேற்றோடு போச்சு என்பான்.

அப்படிப்பட்டவனைத்தான்
மூன்று வருஷத்துக்கு முன், ஆண்டவரே,
கம்பியோடு கடல் எடுத்துக்கொண்டது.
தேடப் போனவர்கள் ஒரு நாயை மட்டும் கொண்டுவந்தார்கள்.
அது இன்றைக்கும்
கடலுக்கு முதுகு காட்டித்தான் படுக்கும்.
கடல் என்று சொல்கிறேன்.
உம்மைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

கிரீன்லாந்தின் இந்தக் கரையில் வீடுகள் பதின்மூன்று.
புகை வருவது ஐந்தில்.
நவம்பரில் போன சூரியன்
மலைக்குப் பின்னால் எங்கேயோ கிடக்கிறது.
குருவானவர் வருஷத்துக்கு இரண்டு முறை
ஹெலிகாப்டரில் வருவார், வானம் விட்டால்.
உபதேசியார் தெற்கே மகளிடம் போகையில்
கோயில் சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.
"உனக்கு வாசிக்க வரும்" என்றார்.
விசுவாசம் உண்டா என்று கேட்கவில்லை.
கேட்காததற்கு அவருக்கு நன்றி.

ஞாயிறு.
படியில் இடுப்பளவு பனி. வெட்டி ஒதுக்கினேன்.
எண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தேன்.
ஹார்மோனியத்தில் மூன்று கட்டைகள்
குளிரில் எழும்பவில்லை.
மணியை இழுத்தேன்.
ஒருவரும் வரவில்லை.

இரண்டு வீட்டில் காய்ச்சல். மற்றவர்கள் வேட்டையில்.
காரணங்கள் எனக்குத் தெரியும்.
தெரிந்தும்,
எட்டு வரிசை காலிப் பெஞ்சுகளைப் பார்த்து
"கர்த்தர் உங்களோடு இருப்பாராக" என்று சொல்வதில்
ஒரு வெட்கம் இருக்கிறது பாரும்,
அது உமக்குத் தெரியுமா?
சொன்னேன்.
பிறகு பீடத்திலிருந்து இறங்கி
முதல் பெஞ்சில் போய் நின்று
"உம்மோடும் இருப்பாராக" என்று
பதிலையும் நானே சொன்னேன்.

மேலே, கீழே. மேலே, கீழே.
பாதிச் சங்கீதத்தில் மூச்சு வாங்கியது.
அன்றன்றைய அப்பம் என்கிற இடம் வந்ததும்
நின்றுவிட்டேன்.
அப்பம் இருக்கிறது ஐயா,
கடையில் உறைந்து கிடக்கிறது, ஜூன் வரைக்கும் போதும்.
அன்றன்றைய தைரியம்தான் கையிருப்பில் இல்லை.
அது எந்தக் கப்பலில் வரும்?

பதில் ஒன்றும் வரவில்லை.
கதவு திறந்தது.

கார்லிங்குவாக்.
இமையெல்லாம் பனி, ஒரு கையுறையைக் காணோம்.
ஜெபிக்க வந்தவனில்லை.
இருபது வருஷமாக இந்த வாசல் மிதிக்காதவன்.
"பனிப்புயல்ல வழி தப்பிட்டேன்,
ஒரு ஜன்னல் மட்டும் தெரிஞ்சுது" என்றான்.
அடுப்பருகே உட்கார்ந்தான்.
நான் காணிக்கை ஜெபத்துக்கு வருவதற்குள்
தூங்கிப்போனான். குறட்டை வேறு.

சிரிப்பு வந்தது, கோயிலுக்குள்,
மூன்று வருஷத்தில் முதல் தடவை.
குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதியை வாசித்தேன்.
ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கினபோது
கீழே ஓடவேண்டியிருக்கவில்லை.
வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருந்தான்,
வாயைத் திறந்தபடி.

இதைச் சாட்சியாக நான் சொல்லமாட்டேன்.
இவனுக்குத் தெரிந்த ஜன்னல்
அன்று மிதேக்குக்கு ஏன் தெரியவில்லை என்று
இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.
விடப்போவதுமில்லை.

ஆனால் வருகிற ஞாயிறும் படியை வெட்டுவேன்.
உம்மை நம்புகிறேன் என்பது
இப்போதைக்கு இவ்வளவுதான்:
கம்பியை ஓங்கி ஒரு குத்து,
கொஞ்சநேரம் காதைக் கொடுத்து நிற்பது,
பிறகு ஓரடி.

கிளம்பும்போது அடுப்பை அணைக்கவேண்டும்,
எண்ணெய்க் கணக்கு எழுதவேண்டும்.
அன்று அணைக்கவில்லை.
அவன் பூட்ஸ் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.