கழித்தல்

அஞ்சல் விடியற்காலை நாலு மணிக்கு வந்திருந்தது.
'அன்புள்ள முனைவர் சிங்காரவேலு' என்று தொடங்கியது.
சிங்காரவேலு என் அப்பா.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியவர்.
லென்ஸ் என்று அவருக்குத் தெரிந்தது
இலவச முகாமில் கொடுத்த ஒரு கண்ணாடி,
அதிலும் இடது பக்கம் கீறல்.
நான் சி. தமயந்தி.
அந்தப் புள்ளிக்கு முன்னால் இருப்பவரைத்தான்
அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள்.

ஒளியியல் துறையில்
ஆரம்பநிலை ஆய்வாளருக்கான விருது.
பட்டம் வாங்கி எட்டாண்டு தாண்டக் கூடாது.
எனக்கு ஒன்பது.
மகப்பேற்றுக்கு ஓராண்டு கழித்துக்கொள்ளலாம் என
விதிமுறையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்.
மகனைக் கழித்தேன்.
எட்டு வந்தது.
புயலுக்கு எவ்வளவு கழிப்பது? கட்டம் இல்லை.
கூரைத் தகடு பறந்து
நாற்பது நாள் கரண்டு இல்லாமல்
ஆடி ஒவ்வொன்றிலும் பூஞ்சை பூத்த கணக்கை
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

'இரைச்சலிலிருந்து சமிக்ஞையைப் பிரிக்கும்
புதுமையான அணுகுமுறை' என்கிறது தேர்வுக் குழு.
புதுமையைத் தேடி நான் போகவில்லை.
திருவாரூருக்கு மேற்கே
மூன்று பக்கம் வயல், ஒரு பக்கம் தண்டவாளம்,
நடுவில் எங்கள் கல்லூரி.
ஒரு லேசர் கதிர் இரண்டாகப் பிரிந்து
வெவ்வேறு வழி போய் மறுபடி சந்திக்கும்.
சந்தித்த இடத்தில் சிவப்பும் கறுப்புமாய்க் கோடுகள்.
கோடு நகர்ந்தால் எங்கோ ஏதோ நீண்டிருக்கிறது,
ஒரு மயிரிழையை ஆயிரமாய்ப் பிளந்தால்
அதில் ஒரு பங்கு.

பதினொன்று நாற்பதுக்குப் பாசஞ்சர்.
கோடுகள் எண்ணெயில் விழுந்த கடுகாய்த் துள்ளும்.
சரி, ரயில் போய்விடும்.
மோட்டார் போகாது.

மதிலுக்கு அந்தப்பக்கம் வைரக்கண்ணுவின் குறுவை.
ஏழரை எச்பி.
நொடிக்கு நாற்பத்தெட்டு நடுக்கம்.
மூன்று மாதம் அதை ஒரு புதிய இயற்பியல் என்றே
நம்பியிருந்தேன்.
தலைப்புகூட வைத்துவிட்டேன்.
ஒரு வியாழக்கிழமை மும்முனை மின்சாரம் நின்றது,
என் கண்டுபிடிப்பும் நின்றது.

சுற்றிக்கொண்டு போய்க் கேட்டேன்.
"ஆத்துல தண்ணி இல்ல. கரண்டு வர்ற ஆறு மணி நேரத்துல
கடைசி வரப்புக்கு எட்டணும். நான் எப்பங்க நிறுத்துறது?"
அரை மணி நேரம் மட்டும், என்றேன்.
"அப்படி என்னத்தக் காட்டுது உங்க விளக்கு?"

செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.
இருட்டில் கைகட்டி நின்றார்.
அவர் மூச்சுக்கும் கோடுகள் அசைந்தன.
"கண்ணுல தூசி வுழுந்ததுக்கு
ஊரையே ஆடாம நில்லுங்கற மாதிரில்ல இருக்கு"
என்று சிரித்துவிட்டுப் போனார்.
நிறுத்தவில்லை.

மதிலில் ஓர் அதிர்வுமானியை ஒட்டினேன்.
மோட்டாரைத் தனியாகக் கேட்டு,
அதன் இழுப்பை, திணறலை, வோல்டேஜ் தாழும் நேரத்தை
நிரலுக்குப் பழக்கி,
மொத்தத்திலிருந்து அவரைக் கழித்தேன்.
மிச்சம்தான் கட்டுரை.
அதில் வைரக்கண்ணுவின் பெயர்
'அருகமை அதிர்வு மூலம்'.
நன்றியுரையில் நிதி தந்த மூன்று அமைப்புகள்.

மேட்டூர் திறந்து ஒன்பதாம் நாள்
வாய்க்காலில் நுரையும் சருகுமாய்த் தண்ணீர்.
மோட்டார் அணைந்தது.
ஆய்வகம் இவ்வளவு அமைதியாகி நான் பார்த்ததில்லை.
திரையில் மட்டும்
நாற்பத்தெட்டில் ஒரு முள் எழுந்தது, தலைகீழாக:
இல்லாத மோட்டாரை நிரல்
பழக்கதோஷத்தில் கழித்துக்கொண்டிருந்தது.

பட்டயத்தில் பெயர் எப்படி வர வேண்டும்?
வெள்ளிக்குள் தெரிவிக்கவும், என்கிறது இரண்டாவது அஞ்சல்.
ஒரே ஒரு கட்டம், முப்பது எழுத்து.
நிரலை நிறுத்தவில்லை இன்னும்.
மகன் பள்ளி விடும் நேரம்.
பாசஞ்சர் இன்றைக்குத் தாமதம்.